சிவந்து காட்டாத தோல்

சிங்கப்பூரின் தேக்கா நிலையத்திலிருந்து புக்கிட் தீமா சாலையைக் கடந்து பத்து நிமிடம் நடந்தால் கேகே மகளிர், சிறார் மருத்துவமனை வந்துவிடும். இப்போதைய கட்டடத்துக்கு அது 1997-ல் இடம் மாறியது. அதற்கு முன் சாலையின் இந்தப் பக்கம், லிட்டில் இந்தியாவை ஒட்டிய ஹேம்ப்ஷயர் ரோட்டில், கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையாக இருந்தது. 1966-ல் மட்டும் அங்கே ஏறத்தாழ 40,000 குழந்தைகள் பிறந்தார்கள். ஒரே மகப்பேற்று மருத்துவமனையில் ஓராண்டில் அத்தனை பிரசவம் உலகில் வேறெங்கும் நடக்கவில்லை என்று கின்னஸ் பதிவு செய்தது. இன்று சிராங்கூன் சாலையில் பேரப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு பூ வாங்கப் போகிறவர்களில் பலர் அங்கே பிறந்தவர்கள்.

அந்தப் பேரப்பிள்ளையின் தோலில் ஏதாவது வந்துவிட்டால் வீட்டில் நாலு பேர் நாலு விதமாகச் சொல்வார்கள். பாட்டி சூடு என்பார். அப்பா கொசுக்கடி என்பார். ஊரிலிருந்து பேசும் சித்தி ஒரு களிம்பின் பெயரைச் சொல்வார். கையில் இருக்கும் சுகாதாரக் கையேட்டைப் புரட்டினால், ‘தோல் சிவந்திருக்கிறதா?’ என்று முதல் வரியிலேயே கேட்கும். அம்மா பிள்ளையின் மாநிறக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். சிவப்பு எதுவும் தெரியாது. அப்படியானால் பெரிதாக ஒன்றுமில்லை என்று இரண்டு வாரம் தள்ளிப்போடுவார். பிள்ளை அந்த இரண்டு வாரமும் இரவில் தூங்காமல் சொறிந்துகொண்டிருக்கும்.

இந்தக் கட்டுரை அந்த இரண்டு வாரத்தைப் பற்றியது.

தோலில் அழற்சி வந்தால் அடியிலுள்ள நுண்ணிய இரத்தக் குழாய்கள் விரியும். வெளுத்த தோலில் அது பளிச்சென்று சிவப்பாகத் தெரியும். நம் தோலில் மெலனின் நிறமி மேலே நின்று அதை மறைத்துவிடும். அழற்சி அதே அளவு இருக்கும். அரிப்பும் அதே அளவு இருக்கும். ஆனால் கண்ணுக்குத் தெரிவது கருஞ்சிவப்பாகவோ, ஊதா கலந்த பழுப்பாகவோ, சாம்பல் பூத்ததுபோலவோ இருக்கும். கருத்த பிள்ளைகளிடம் சில நேரம் நிறமே மாறாது. தொட்டால் மட்டும் சொரசொரவென்று இருக்கும். மருத்துவப் பாடநூல்களின் படங்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோலையே காட்டிவந்ததால் மருத்துவர்களுக்கும் இதில் தடுமாற்றம் உண்டு. லண்டன் செயின்ட் ஜார்ஜ்ஸ் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த மலோன் முக்வெண்டே, இந்தக் குறையைத் தாங்க முடியாமல் தன் ஆசிரியர்கள் இருவரோடு சேர்ந்து 2020-ல் ‘மைண்ட் தி கேப்’ என்ற கையேட்டை வெளியிட்டார். ஒரே நோய் வெளுத்த தோலிலும் கருத்த தோலிலும் எப்படித் தெரியும் என்று அடுத்தடுத்துப் படம் போட்டுக் காட்டியது அது. ஒரு மாணவர் செய்துதான் இது வர வேண்டியிருந்தது என்பது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

ஆகவே நம் வீட்டில் முதலில் பழக வேண்டியது பகல் வெளிச்சத்தில் பார்ப்பதும், கையால் தொட்டுப் பார்ப்பதும். ட்யூப்லைட் வெளிச்சம் போதாது. சன்னல் ஓரம் பிள்ளையை நிறுத்துங்கள். சந்தேகமான இடத்தையும், உடலின் மறுபக்கத்தில் அதே இடத்தையும் புறங்கையால் தடவி ஒப்பிடுங்கள். சூடாக இருக்கிறதா, தடித்திருக்கிறதா, தவிடு உதிர்கிறதா, தொட்டால் பிள்ளை கையை இழுத்துக்கொள்கிறதா என்று கவனியுங்கள். நிறம் சொல்லாத பலவற்றை விரல் சொல்லிவிடும்.

கரப்பான்: சிங்கப்பூரின் வீட்டு நோய்

சிங்கப்பூரில் 7, 12, 16 வயதுப் பள்ளி மாணவர்கள் 12,000-க்கும் மேற்பட்டோரைச் சோதித்து 2002-ல் வெளியான ஆய்வு ஒன்று, அவர்களில் 20.8 விழுக்காட்டினருக்கு அட்டோபிக் டெர்மடைட்டிஸ் இருப்பதாகக் கண்டது. எக்ஸிமா என்று பலரும் சொல்வதும், நம் வீடுகளில் கரப்பான் என்று பெயர் பெறுவதும் பெரும்பாலும் இதுதான். ஐந்தில் ஒரு பிள்ளை. ஒரு வகுப்பில் நாற்பது பேர் இருந்தால் எட்டுப் பேர்.

கைக்குழந்தையிடம் கன்னத்திலும் தலையிலும் கைகால்களின் வெளிப்பக்கத்திலும் தொடங்கும். நடக்கும் வயதில் முழங்கை மடிப்பு, முழங்காலின் பின்பக்கம், கழுத்து, மணிக்கட்டு என்று மடிப்புகளுக்கு இடம் மாறும். டயப்பர் கட்டும் இடம் ஈரமாகவே இருப்பதால் பெரும்பாலும் தப்பிவிடும். நம் பிள்ளைகளிடம் இன்னொரு முகமும் உண்டு. மயிர்க்கால்களைச் சுற்றிச் சின்னச் சின்ன மேடுகளாக, கோழித் தோல் போல முதுகிலும் வயிற்றிலும் பரவும். ‘வேர்க்குருதான்’ என்று பவுடர் போட்டு விட்டுவிடுகிறோம். நாள்பட்டால் சொறிந்த இடம் தடித்து, கருத்து, கோடு விழுந்து மாட்டுத்தோல் மாதிரி ஆகிவிடும். ‘கழுத்தை ஏன் தேய்த்துக் குளிப்பாட்டவில்லை’ என்று அம்மாக்கள் பேச்சு வாங்குவது இதனால்தான். அது அழுக்கு அல்ல. நார் கொண்டு தேய்க்கத் தேய்க்க இன்னும் மோசமாகும்.

இந்த நோயின் அடிப்படையைப் பற்றி 2006-ல் பெரிய தெளிவு கிடைத்தது. தோலின் மேலடுக்கை இறுக்கிக் கட்டும் ஃபிலாக்ரின் என்ற புரதத்தின் மரபணுவில் குறை இருந்தால் எக்ஸிமா வரும் வாய்ப்பு அதிகம் என்று ஸ்காட்லாந்து, அயர்லாந்து ஆய்வாளர்கள் கண்டார்கள். ஓடு விலகிய கூரைபோல ஆகிவிடுகிறது அந்தத் தோல். உள்ளிருக்கும் ஈரம் வெளியே போகிறது. வெளியிலிருக்கும் தூசியும் சோப்பும் கிருமியும் உள்ளே இறங்குகின்றன. ‘இரத்தம் கெட்டுவிட்டது’, ‘தாய் கத்திரிக்காய் சாப்பிட்டாள்’ என்ற பழிகளுக்கெல்லாம் இங்கே இடமே இல்லை. பால் கொடுக்கும் தாயை ஆளாளுக்குப் பத்தியம் சொல்லிப் பட்டினி போடுவதை நிறுத்தினாலே பாதி வீடுகளில் நிம்மதி வரும். குறிப்பிட்ட உணவு ஒத்துக்கொள்ளவில்லை என்ற சந்தேகம் உண்மையாகவே இருந்தால் அதை மருத்துவரிடம் சோதித்துப் பார்க்கலாம். பாட்டி சொல்லி, பக்கத்து வீடு சொல்லி, முட்டையையும் பாலையும் கோதுமையையும் ஒவ்வொன்றாக நிறுத்தி வளரும் பிள்ளையை மெலிய விடக்கூடாது.

இந்த ஊரின் வானிலை வேறு படுத்துகிறது. ஆண்டு முழுக்க ஈரப்பதம் 80 விழுக்காட்டைச் சுற்றியே நிற்கிறது. பகலில் வியர்வை அரிப்பைத் தூண்டும். இரவில் ஏர்கான் தோலை உலர்த்தும். மெத்தையிலும் தலையணையிலும் கண்ணுக்குத் தெரியாத தூசிப்பூச்சிகள். அவற்றில் புலோமியா டிராப்பிகாலிஸ் என்ற வகை இந்த வெப்பமண்டல வீடுகளுக்கே உரியது. புகைமூட்டக் காலம் இன்னொரு சோதனை. 2013 ஜூன் 21 அன்று காற்றுத்தூய்மைக்கேட்டுக் குறியீடு 401-ஐத் தொட்ட அந்த நாள்களை எக்ஸிமாப் பிள்ளைகளை வைத்திருந்த குடும்பங்கள் மறந்திருக்காது.

என்ன செய்வது? வெதுவெதுப்பான நீரில் ஐந்து, பத்து நிமிடம் குளிப்பாட்டுங்கள். நுரைக்காத, வாசனை சேர்க்காத கழுவுபொருள் போதும். துண்டால் ஒற்றியெடுத்து, தோலில் ஈரம் இருக்கும்போதே ஈரப்பூச்சைத் தடவிவிடுங்கள். எவ்வளவு என்பதில்தான் எல்லாரும் தவறுகிறார்கள். பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டிகள் எக்ஸிமா உள்ள பிள்ளைக்கு வாரத்துக்கு 250 முதல் 500 கிராம் வரை தேவைப்படும் என்கின்றன. பெரிய டப்பா ஒன்று ஒரே வாரத்தில் தீர வேண்டும்! நம் வீடுகளில் ஐம்பது கிராம் ட்யூப் இரண்டு மாதம் வருகிறது. பிறகு ‘க்ரீம் போட்டும் கேட்கவில்லை’ என்கிறோம். விலை கூடிய வாசனை க்ரீமைச் சிக்கனமாகப் பூசுவதைவிட, மலிவான வெள்ளைப் பெட்ரோலியம் ஜெல்லியைத் தாராளமாகப் பூசுவது எவ்வளவோ மேல்.

தேங்காய் எண்ணெய்? வெட்கப்படாமல் பயன்படுத்தலாம். பிலிப்பைன்ஸில் எக்ஸிமா உள்ள பிள்ளைகளிடம் நடத்தி 2014-ல் வெளியான ஒரு சோதனையில், தூய தேங்காய் எண்ணெய் கனிம எண்ணெயைவிட நன்றாக வேலை செய்தது. ஆனால் ஆலிவ் எண்ணெயும் கடுகு எண்ணெயும் பிஞ்சுத் தோலின் மேலடுக்கைத் தளர்த்துகின்றன என்பதற்குச் சான்று இருக்கிறது, அவை வேண்டாம். வேர்க்குரு இருக்கும் இடத்தில் எந்த எண்ணெயும் வேண்டாம். வியர்வைத் துளை ஏற்கெனவே அடைத்திருப்பதால் வந்ததுதான் வேர்க்குரு. அதற்குக் காற்றோட்டமும் மெல்லிய பருத்திச் சட்டையுமே மருந்து. கட்டிகட்டியாகப் பூசும் பவுடரும் துளையை அடைக்கத்தான் செய்யும்.

ஸ்டீராய்டு: பயப்பட வேண்டிய இடமும் வேண்டாத இடமும்

இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும். பலதுறை மருந்தகத்திலோ தேசியத் தோல் நிலையத்திலோ மருத்துவர் எழுதிக் கொடுத்த ஸ்டீராய்டுக் களிம்பைப் பயந்து பயந்து, ஒரு கடுகளவு எடுத்து, இரண்டு நாள் பூசிவிட்டு நிறுத்தும் பெற்றோர் ஏராளம். அதே பெற்றோர், ஊரிலிருந்து வரும் உறவினர் பையில் வைத்துக் கொடுக்கும் பெயர் தெரியாத ட்யூப்பை, ‘மூலிகை’ என்று இணையத்தில் விற்கும் டப்பாவை, ஒரு கேள்வியும் கேட்காமல் பூசுகிறார்கள். முதலாவதில் எந்த மருந்து எத்தனை விழுக்காடு என்று எழுதியிருக்கிறது. கண்காணிக்க ஒருவர் இருக்கிறார். இரண்டாவதில் என்ன இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது. மூன்றே நாளில் மாயம்போல மறைய வைக்கும் ‘இயற்கை’க் களிம்பென்றால் அதற்குள் வீரியமான ஸ்டீராய்டு ஒளிந்திருக்கிறது என்று முதலில் சந்தேகப்படுங்கள். சுகாதார அறிவியல் ஆணையம் அப்படிப்பட்ட களிம்புகளைச் சோதித்துப் பலமுறை எச்சரித்திருக்கிறது. கைக்குழந்தைக்கு டயப்பருக்குள் பூசினால் மருந்து இன்னும் வேகமாக உடலுக்குள் ஏறும். முகம் உப்பும், வளர்ச்சி தடைப்படும்.

மருத்துவர் தந்ததை எப்படிப் பூசுவது என்பதற்குக் கை விரலே அளவுகோல். பெரியவர் ஒருவரின் ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை ட்யூப்பிலிருந்து பிதுக்கினால் சுமார் அரை கிராம். பெரியவரின் இரண்டு உள்ளங்கை அளவு இடத்துக்கு அது போதும். முகத்துக்கும் மடிப்புகளுக்கும் மென்மையான வகை, தடித்த இடத்துக்குச் சற்று வீரியமானது என்று மருத்துவர் பிரித்துத் தருவார். இரண்டையும் மாற்றிப் பூசிவிடாதீர்கள். அழற்சி அடங்கும்வரை சொன்ன நாளுக்குப் பூசி, பிறகு சொன்னபடி குறைக்க வேண்டும். முகத்தில் தொடர்ந்து மருந்து தேவைப்படும் இரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு டாக்ரோலிமஸ் போன்ற ஸ்டீராய்டு அல்லாத களிம்புகள் இருக்கின்றன. மிகக் கடுமையான நோய்க்கு ஊசி மருந்தும் வந்துவிட்டது. டுபிலுமாப் மருந்தை ஆறு மாதக் குழந்தைகளுக்கும் கொடுக்க அமெரிக்கா 2022 ஜூனில் அனுமதித்தது.

நம் பிள்ளைகளிடம் மட்டும் நடக்கும் ஒரு குழப்பம் உண்டு. அழற்சி அடங்கியதும் அந்த இடம் வெளிறியோ கருத்தோ நிற்கும். ‘களிம்பு தோலை வெளுக்க வைத்துவிட்டது’ என்று மருந்தை நிறுத்திவிடுகிறார்கள். வீரியமான ஸ்டீராய்டை மாதக்கணக்கில் பூசினால் நிறம் குறையும் என்பது உண்மை. ஆனால் பெரும்பாலான நேரம் அந்த நிற மாற்றம் நோய் விட்டுச்சென்ற சுவடுதான். சில மாதங்களில் தானாகச் சமனாகும். நோய் அடங்காமல் நீடித்தால்தான் சுவடும் நீடிக்கும். மருந்தை நிறுத்துவது நேர்மாறான வேலை.

எக்ஸிமா உள்ள பிள்ளைக்குத் திடீரென்று காய்ச்சலோடு, ஒரே அளவிலான சிறு கொப்புளங்களும் துளையிட்டதுபோன்ற புண்களும் கூட்டமாக வந்தால் காத்திருக்கக் கூடாது. உதட்டுப் புண்ணை உண்டாக்கும் அதே ஹெர்ப்பிஸ் கிருமி சிதைந்த தோலில் பரவுவது அது. அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். உதட்டில் புண் உள்ள பெரியவர்கள் இந்தப் பிள்ளைகளுக்கு முத்தம் கொடுக்காமல் இருப்பது நல்லது.

வெள்ளைத் திட்டும் கலியாணக் கவலையும்

பள்ளிப் பிள்ளையின் கன்னத்தில் வெளிறிய வட்டங்கள் தெரிந்தால் தமிழ்க் குடும்பத்தில் எழும் பயம் வேறு யாருக்கும் புரியாது. ‘வெண்குஷ்டமா?’ என்று கேட்கும்போதே குரல் தாழ்ந்துவிடும். பெண்பிள்ளையானால் கேட்கவே வேண்டாம்.

பெரும்பாலும் அது வெயில் பட்டு எடுப்பாகத் தெரியும் தேமல். ஓரம் தெளிவாக இருக்காது. தடவினால் மாவுபோல மெல்லிய செதில் வரும். நிறம் குறைந்திருக்குமே தவிர முற்றிலும் போயிருக்காது. வறண்ட தோல் உள்ள பிள்ளைகளிடம் அதிகம். புழு, சத்துக் குறைவு, சாக்லேட் எதுவும் காரணமில்லை. ஈரப்பூச்சும் பொறுமையும் போதும். வெண்புள்ளி நோய் வேறு மாதிரி இருக்கும். பால்வெள்ளை, கத்தரித்ததுபோன்ற ஓரம், செதில் கிடையாது. உதடு, கண்ணோரம், விரல் நுனி, முழங்கால் என்று வரும். அது தொற்றாது, குஷ்டமும் அல்ல. இளம் வயதில் சீக்கிரம் தொடங்கினால் நல்ல பலன் தரும் சிகிச்சைகள் இருக்கின்றன. இரண்டையும் மருத்துவர் புறஊதாக்கதிர் விளக்கில் ஒரு நிமிடத்தில் பிரித்துச் சொல்வார். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: வெளிறிய திட்டில் தொட்டால் உணர்வில்லை என்றால், குறிப்பாகக் குடும்பம் இந்தியாவில் வாழ்ந்ததென்றால், உடனே காட்டுங்கள். தொழுநோய் இன்னும் முற்றாகப் போய்விடவில்லை. மருந்தால் முழுமையாகக் குணமாகும்.

நெற்றியின் நடுவே ஒரு வெள்ளை வட்டம் மட்டும் வந்தால் ஒட்டுப்பொட்டைப் பாருங்கள். சில பொட்டுகளின் பசையிலுள்ள ஒரு வேதிப்பொருள் நிறமிச் செல்களையே அழிக்கக்கூடியது. நாட்டிய வகுப்புக்குப் போகும் சிறுமிகள் பொட்டை மணிக்கணக்கில் வைத்திருக்கிறார்கள். நிகழ்ச்சி முடிந்ததும் எடுத்துவிடச் சொல்லுங்கள்.

வெட்கப்பட வைக்கும் சிரங்கு

ஸ்கேபிஸ் வந்தால் யாரும் வெளியே சொல்வதில்லை. அதனால்தான் அது போவதில்லை. தோலுக்குள் குடையும் நுண்பூச்சி ஒன்றுதான் காரணம். உலகச் சுகாதார நிறுவனம் 2017-ல் இதைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. சுத்தமான வீட்டுக்கும் வரும். விரலிடுக்கு, மணிக்கட்டு, அக்குள், தொப்புளைச் சுற்றி, ஆண்பிள்ளைகளின் உறுப்பில் சிறு பருக்கள். இரவில் தாங்க முடியாத அரிப்பு. கைக்குழந்தைகளுக்கு உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும்கூட வரும். எக்ஸிமா என்று நினைத்து மாதக்கணக்கில் ஸ்டீராய்டு பூசி ஏமாந்தவர்கள் உண்டு. வீட்டில் இரண்டு பேருக்கு ஒரே நேரத்தில் இராத்திரி அரிப்பு என்றால் இதை நினைக்க வேண்டும்.

பெர்மெத்ரின் 5 விழுக்காடு க்ரீமைக் கழுத்திலிருந்து பாதம் வரை, நகத்தடி, தொப்புள், விரலிடுக்கு எதையும் விடாமல் பூசி, இரவு முழுக்க வைத்துக் கழுவ வேண்டும். ஒரு வாரம் கழித்து மறுபடியும். கைக்குழந்தைக்குத் தலையிலும் முகத்திலும்கூட, கண்ணையும் வாயையும் விட்டுப் பூச மருத்துவர் சொல்வார். அரிப்பு இல்லாதவர்களும் சேர்ந்து, வீட்டிலுள்ள எல்லாரும் ஒரே இரவில் பூச வேண்டும். பூச்சி ஏறி அரிப்புத் தொடங்கவே சில வாரங்கள் ஆகும் என்பதுதான் காரணம். துணிகளையும் விரிப்புகளையும் சுடுநீரில் துவையுங்கள். துவைக்க முடியாததைப் பையில் கட்டிச் சில நாள் வைத்துவிடுங்கள். மருந்து வேலை செய்த பிறகும் அரிப்பு இரண்டு, நான்கு வாரம் இருக்கலாம். அதற்காக மறுபடி மறுபடி பூசிப் பிள்ளையின் தோலைப் புண்ணாக்க வேண்டாம்.

சிங்கப்பூரில் ‘வீட்டிலுள்ள எல்லாரும்’ என்றால் இல்லப் பணிப்பெண்ணும் சேர்த்தி. பிள்ளையைத் தூக்கி, குளிப்பாட்டி, அணைத்துத் தூங்கவைப்பவர் பல வீடுகளில் அவர்தான். அவருக்கும் அதே க்ரீம், அதே இரவு, அதே அக்கறை. யார் கொண்டுவந்தது என்ற விசாரணையை அவரிடம் தொடங்குவது அநியாயம். பிள்ளையிடமிருந்தேகூட அவருக்கு வந்திருக்கலாம்.

சொறிந்த இடத்தில் தேன் நிறப் பொருக்குத் தட்டினால் பாக்டீரியா ஏறிவிட்டது என்று பொருள். இது நம் தோலில் நன்றாகவே தெரியும். கைபட்ட இடமெல்லாம் பரவும். மருத்துவர் கொடுக்கும் ஆன்டிபயாட்டிக் தேவை. ஆறிய சில வாரங்களில் முகம் வீங்கி, சிறுநீர் கோலா நிறத்தில் போனால் சிறுநீரகத்தைச் சோதிக்க வேண்டும்.

படர்தாமரைக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை, ஒன்றைத் தவிர. இந்தியாவில் பரவிவரும் டிரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே என்ற பூஞ்சைக்கு 2020-ல்தான் பெயர் வைத்தார்கள். வழக்கமான டெர்பினாஃபின் மாத்திரைக்கே அது பல நேரம் மசிவதில்லை. ஸ்டீராய்டும் ஆன்டிபயாட்டிக்கும் பூஞ்சைமருந்தும் கலந்த களிம்புகள் மளிகைபோல விற்றதற்கு அதில் பெரும்பங்கு இருப்பதாகத் தோல் மருத்துவர்கள் நம்புகிறார்கள். 2018-ல் இந்திய அரசு பல ஸ்டீராய்டுக் களிம்புகளை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கத் தடை போட்டது. விடுமுறைக்கு ஊருக்குப் போய்வந்த பிள்ளைக்கு வட்டம் வட்டமாக அரிப்பு வந்தால், போய்வந்த செய்தியை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

நம் கையாலேயே வைப்பது

தீபாவளிக்கு லிட்டில் இந்தியாவில் மருதாணி போட்டுக்கொள்ளாத சிறுமி இருக்கமாட்டாள். நல்ல மருதாணி சில மணி நேரம் காய்ந்து ஆரஞ்சுப் பழுப்பாகப் பிடிக்கும். அரை மணியில் கன்னங்கரேலென்று பிடித்தால் அது மருதாணி இலை அல்ல. தலைமுடிச் சாயத்தில் சேர்க்கும் பிபிடி என்ற வேதிப்பொருள் கலந்தது. சில நாளில் கோலம் போட்ட வடிவத்திலேயே கொப்புளம் எழும். ஆறிய பிறகும் தடம் மாதக்கணக்கில் நிற்கும். அந்த ஒவ்வாமை வாழ்நாள் முழுக்கக் கூட வரும். பெரியவளாகி ஒருநாள் முடிக்குச் சாயம் பூசும்போது முகம் வீங்கி மருத்துவமனைக்கு ஓட வேண்டியிருக்கும்.

நல்ல மருதாணியும் ஆகாத பிள்ளைகள் உண்டு. ஜி6பிடி என்ற நொதி குறைவாகப் பிறந்தவர்கள். சிங்கப்பூர் 1965 முதல் பிறக்கும் எல்லாக் குழந்தைகளின் தொப்புள்கொடி இரத்தத்திலும் இதைச் சோதித்துவருகிறது. பேராசிரியர் வோங் ஹொக் பூன் தொடங்கிவைத்த அருமையான பணி அது. முடிவு பிள்ளையின் சுகாதாரப் புத்தகத்தில் இருக்கும். அப்படிப்பட்ட குழந்தைக்கு மருதாணி தோல்வழியே ஏறி இரத்த அணுக்களை உடைக்கக்கூடும். அந்துருண்டை அதைவிடப் பொல்லாதது. பாட்டியின் பெட்டியில் அந்துருண்டையோடு கிடந்த பழைய சேலையை எடுத்து அப்படியே தூளி கட்டுகிறோமே, அதை நினைத்தால் எனக்குப் பதறுகிறது. குழந்தை திடீரென வெளிறி, கண் மஞ்சளாகி, சிறுநீர் கருத்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மாநிறக் குழந்தையின் வெளிறலை உதட்டின் உட்புறத்திலும் உள்ளங்கையிலும் பாருங்கள்.

அரைஞாண் கயிறு ஈரமாகவே கிடந்தால் அடியில் புண்ணும் பூஞ்சையும் வரும். குளித்ததும் துடைத்து உலர்த்துங்கள், கறுத்து நைந்ததை மாற்றுங்கள். சூடம் கலந்த தைலத்தை இரண்டு வயதுக்குள் பூசவே கூடாது, வலிப்பு வரலாம். வேப்பிலையைத் தலைமாட்டில் வைப்பதில் ஒரு குறையும் இல்லை. வேப்பெண்ணெயைச் சங்கில் ஊற்றிப் புகட்டுவது மட்டும் வேண்டாம். அப்படிப் புகட்டப்பட்ட குழந்தைகளின் மூளையும் ஈரலும் பாதிக்கப்பட்டதை மலேசிய மருத்துவர்கள் 1981-லேயே ‘லான்செட்’ இதழில் எழுதிவிட்டார்கள்.

காய்ச்சலோடு வந்தால்

கை, கால், வாய்ப்புண் நோய் இங்கே பெற்றோருக்குப் பழகிய பெயர். 2000-ஆம் ஆண்டின் பெரும் பரவலில் குழந்தைகள் இறந்தார்கள். அக்டோபரில் பாலர் பள்ளிகளே மூடப்பட்டன. உள்ளங்கை, உள்ளங்கால், வாய், பிட்டம் என்று வரும் கொப்புளங்கள் கருத்த தோலில் சாம்பல் நிறப் புள்ளிகளாகத் தெரியலாம். தானாக ஆறிவிடும், ஆறிய சில வாரங்களில் நகம் கழன்றாலும் பயப்பட வேண்டாம், புது நகம் வளரும். தண்ணீர்கூட விழுங்க மறுத்தாலோ, தூக்கத்தில் அடிக்கடி தூக்கிவாரிப் போட்டாலோ, சோர்ந்து தள்ளாடினாலோ மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

சின்னம்மைத் தடுப்பூசி 2020 நவம்பர் முதல் தேசியத் தடுப்பூசி அட்டவணையில் இருக்கிறது. அம்மை வந்துவிட்டால் காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டுமே. ஆஸ்பிரின் கூடாது, ஐபுப்ரோஃபெனும் வேண்டாம். மாரியம்மனுக்கு வேண்டிக்கொள்வதும் மருத்துவரிடம் போவதும் ஒன்றுக்கொன்று எதிரி அல்ல.

2020-ல் 35,000 பேருக்கு மேல் டெங்கி கண்ட ஊர் இது. டெங்கித் தடிப்பு மாநிறத்தில் எளிதில் தெரியாது. காய்ச்சல் இறங்கும் நேரத்தில் வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறில் இரத்தம், மயக்கச் சோர்வு என்றால் அதுதான் ஆபத்தான கட்டம்.

ஐந்து நாள் விடாத காய்ச்சல், பீளை இல்லாமல் சிவந்த கண், வெடித்துச் சிவந்த உதடு, வீங்கிய கைகால், உடலில் தடிப்பு என்று சேர்ந்தால் கவாசாக்கி நோயாக இருக்கலாம். டொமிசாகு கவாசாக்கி 1967-ல் ஜப்பானில் முதலில் எழுதியது. ஆசியக் குழந்தைகளிடம் அதிகம். கவனிக்காவிட்டால் இதயத்தின் இரத்தக் குழாய்கள் வீங்கிவிடும். பத்து நாளுக்குள் சிகிச்சை தொடங்கினால் பெரும்பாலும் தடுத்துவிடலாம். நம் குழந்தைகளிடம் தடிப்பு தெரியாமல் போனாலும் காட்டிக்கொடுக்கும் ஓர் அடையாளம் உண்டு: பிறந்ததும் போட்ட பிசிஜி தடுப்பூசியின் தழும்பு திடீரென வீங்கிப் புதிதாகப் போட்டதுபோல நிற்கும். ஐந்தாம் நாளுக்குக் காத்திருக்காமல் அதை மருத்துவரிடம் காட்டுங்கள்.

கண்ணாடி டம்ளரை அழுத்தினாலும் மறையாத ஊதாப் புள்ளிகள் காய்ச்சலோடு இருந்தால் ஒரு நிமிடமும் வீணாக்கக் கூடாது. கருத்த பிள்ளையிடம் அவற்றை உள்ளங்கை, உள்ளங்கால், வயிறு, கீழ் இமையின் உட்புறம், மேலண்ணம் ஆகிய இடங்களில் தேட வேண்டும். கேகே மருத்துவமனையின் சிறார் அவசரப் பிரிவு இருபத்துநான்கு மணி நேரமும் திறந்திருக்கும். அவசரமில்லாத மற்றவற்றுக்குப் பலதுறை மருந்தகத்தில் காட்டி, அங்கிருந்து பரிந்துரைக் கடிதத்தோடு கேகேக்கோ மண்டலே ரோட்டிலுள்ள தேசியத் தோல் நிலையத்துக்கோ போனால் மானியக் கட்டணம் கிடைக்கும்.

போகும்போது இதுவரை பூசிய எல்லா ட்யூப்களையும், பெயர் கிழிந்ததையும் பாட்டி கொடுத்ததையும் சேர்த்து, ஒரு பையில் போட்டு எடுத்துப்போங்கள். சுகாதாரப் புத்தகமும் இருக்கட்டும். தோலின் நோய் காலையில் ஒரு மாதிரியும் மாலையில் ஒரு மாதிரியும் இருக்கும். மருத்துவர் பார்க்கும்போது பாதி மறைந்திருக்கும். ஆகவே முதல் நாளிலிருந்தே சன்னல் வெளிச்சத்தில் படம் எடுத்து வையுங்கள், ஒன்று கிட்டத்தில், ஒன்று தள்ளி நின்று. அதற்கு முன் கைப்பேசியில் முகத்தை வெளுப்பாக்கும் அழகூட்டும் அமைப்பை அணைத்துவிடுங்கள். பிள்ளையின் சொந்த நிறம் படத்தில் இருந்தால்தான் நோயின் நிறம் தெரியும்.